'குண்டுக்கட்டாக' தூக்கிட்டுப் போனாங்க... சரி, அதுல 'குண்டு' எது, 'கட்டு' எது?

போன மாசம் ஒரு சாலை மறியல் செய்தியை ஸ்பாட்டில் இருந்தே மொபைலில் டைப் பண்ணி அனுப்பினேன். கடைசி வரி இதுதான்: 'மறியலில் ஈடுபட்டவர்களை போலீஸார் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்று வேனில் ஏற்றினர்.' அஞ்சு நிமிஷத்தில் டெஸ்க்கில் இருந்து போன். எங்கள் சீனியர்.

"ஏம்மா, போலீஸ் கயிறு எடுத்துட்டு வந்திருந்தாங்களா?"

"இல்லையே சார்."

"அப்புறம் எப்படிக் கட்டினாங்க?"

எனக்கு ஒண்ணும் புரியலை. "இல்ல சார், கட்டல. தூக்கினாங்க" என்றேன். "அப்ப அப்படியே எழுது. இல்லைன்னா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பார்த்துட்டு எழுது" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த வரியை மாற்றி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நாம் படிக்கிற வார்த்தை. சட்டசபையில் எம்.எல்.ஏ-வைத் தூக்கினாலும் அதுதான், நடுரோட்டில் டீச்சர்களைத் தூக்கினாலும் அதுதான். ஃபிரெண்ட்ஸ் கேங்கில், தூங்குறவனை எழுப்பி டூர் கூட்டிட்டுப் போனால்கூட "குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்துட்டோம்"னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அர்த்தம் கேட்டால்தான் முழிக்கிறோம்.

ஆபீஸில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர், 'குண்டு' என்றால் வெடிகுண்டு, அதைத் தூக்குற மாதிரி பத்திரமாகத் தூக்குறது என்றார். இன்னொருத்தர், ஆள் குண்டாக இருந்தால்தான் அந்த வார்த்தை வரும் என்று ஒரே போடாகப் போட்டார். ரெண்டும் தப்பு. ஆனால் ரெண்டாவது ஆள் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டார்.

குண்டும் குழியும்

தமிழில் 'குண்டு'க்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் உண்டு. சங்க இலக்கியத்தில் குண்டு என்றால் ஆழம், பள்ளம். ஆழமான சுனையைக் 'குண்டு சுனை' என்பார்கள். இன்றைக்கும் நம்ம ஊர் ரோட்டைப் பார்த்து 'குண்டும் குழியுமா இருக்கு' என்கிறோமே, அதில் வருகிற குண்டு இந்தப் பள்ளம்தான். இன்னொரு குண்டு, உருண்டை. பீரங்கிக் குண்டு, இரும்புக் குண்டு, குண்டுமணி, குண்டு மல்லி எல்லாம் இந்த வகை. ஆளைக் குண்டு என்று சொல்வதும் இந்த உருண்டையில் இருந்துதான்.

நம்ம வார்த்தையில் இருப்பது உருண்டை. கூடவே 'கட்டு'. அது கயிறு போட்டுக் கட்டுகிற கட்டுதான், விறகுக் கட்டு மாதிரி. பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால், குண்டுக்கட்டாகக் கட்டுதல் என்பதற்கு ஒருவருடைய கையையும் காலையும் சேர்த்து, உடம்பையே உருண்டையாகச் சுருட்டிக் கட்டுவது என்றுதான் பொருள் இருக்கிறது. தூக்குவது பற்றிப் பேச்சே இல்லை. அது கட்டுவதற்கான வார்த்தை. ஆளை மடக்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையைக் குனியவைத்து, ஒரு மூட்டை மாதிரி ஆக்கிவிடுவது. அதுக்கப்புறம் அந்த மூட்டையைத் தூக்கலாம், உருட்டலாம், ஒரு மூலையில் போட்டும் வைக்கலாம்.

எங்கள் சீனியர் கேட்ட கயிறு இதுதான்.

ஆளை ஏன் உருண்டையாகக் கட்டணும்?

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. ஒருத்தரைத் தப்பி ஓடாமல் பிடித்துவைக்க கையை மட்டும் கட்டினால் போதும். உடம்பையே மடக்கிக் கட்டுவது எதற்கு? வலிக்கணும் என்பதற்குத்தான்.

உலகத்தில் பல இடங்களில் இது தண்டனையாகவே இருந்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ராணுவத்தில், தப்பு செய்த சிப்பாயைத் தரையில் உட்காரவைத்து, ஒரு துப்பாக்கியை முழங்காலுக்கு அடியிலும் இன்னொன்றைப் பிடரியின் மேலும் வைத்து, ரெண்டையும் இழுத்துக் கட்டுவார்கள். தாடை முழங்காலில் இடிக்கும் அளவுக்கு ஆள் சுருண்டு கிடப்பான்.

நம்ம ஊரிலும் இதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. மெட்ராஸ் மாகாணத்தில் நில வரி வசூலுக்காக மக்களைச் சித்ரவதை செய்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றம் வரை புகார் போக, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேரை வைத்து ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. புகார் சொல்ல வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பலர் நாள்கணக்கில் நடந்தே வந்தவர்கள்.

அந்த அறிக்கையில் ரெண்டு தமிழ் வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கிட்டி. ரெண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெருக்குவது. இன்னொன்று, அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, அவருடைய துணியையோ ஒரு கயிற்றையோ கழுத்தில் போட்டு, அதைக் கால் விரலுக்கு அடியில் கொடுத்து இழுத்துக் கட்டிவிடுவது. நிமிர முடியாது. அப்படியே வெயிலில் விட்டுவிடுவார்கள். சில இடங்களில் முதுகில் கல்லையும் ஏற்றினார்கள். கட்டியது பெரும்பாலும் உள்ளூர் தாசில் சேவகர்கள். வரி போய்ச் சேர்ந்தது கம்பெனி கஜானாவுக்கு. 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவில் நடந்த சித்ரவதைகளைப் பற்றி எழுதியபோது, கையில் வைத்திருந்தது இந்த மெட்ராஸ் அறிக்கையைத்தான்.

அண்ணாந்தாளும் குண்டுக்கட்டும் வேறு வேறு வார்த்தைகள். ஆனால் செய்கிற வேலை ஒன்று. நிமிர்ந்து நிற்கிற ஒரு மனுஷனை வளைத்துச் சுருட்டுவது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜாலி ஸ்டேட்டஸில் அந்த வார்த்தையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

கயிறு எங்கே போச்சு?

போலீஸும் வந்து, பத்திரிகைகளும் வந்து, போராட்டங்களும் வந்த பிறகு வார்த்தை மெல்ல இடம் மாறியிருக்கிறது. 'குண்டுக்கட்டாகக் கட்டி' என்பது 'குண்டுக்கட்டாகத் தூக்கி' ஆகிவிட்டது. கயிறு போய், அந்த இடத்துக்கு நாலு கான்ஸ்டபிள்களின் எட்டு கைகள் வந்தன. இரண்டு பேர் தோளுக்கு அடியில், இரண்டு பேர் காலில். நடுவில் இருக்கிற ஆள் தானாகவே வளைந்துவிடுகிறார். பார்ப்பதற்கு அதே உருண்டை. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதே மாதிரி ஒரு கதை இங்கிலீஷிலும் இருக்கிறது. 'ஃப்ராக்மார்ச்' என்று படங்களில் கேட்டிருப்பீர்கள். கையைப் பின்னால் முறுக்கி, ஆளைத் தள்ளிக்கொண்டே நடத்திப் போவது. ஆனால் 1870-களில் லண்டனில் அந்த வார்த்தை பிறந்தபோது அர்த்தம் வேறு. குடித்துவிட்டு ரகளை பண்ணுகிற ஆளை, போலீஸ்காரர்கள் நாலு பேர் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்து, முகம் தரையைப் பார்க்கத் தூக்கிப் போவார்கள். பரப்பிப் போட்ட தவளை மாதிரி இருக்கும். அதனால் தவளை நடை.

சிரிப்பு வரலாம். 1909-ல் லிவர்பூல் வால்டன் சிறையில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறை போன செலினா மார்ட்டினை இப்படித்தான் முகம் கீழே இருக்க, படிக்கட்டில் தூக்கிப் போனார்கள். தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. அது பெரிய சர்ச்சை ஆனது.

ஆக, இங்கிலீஷ் வார்த்தை தூக்குவதில் ஆரம்பித்து நடத்திப் போவதில் வந்து நின்றது. நம்ம வார்த்தை கட்டுவதில் ஆரம்பித்துத் தூக்குவதில் வந்து நிற்கிறது.

'தரதர', 'அலேக்', 'அர்த்த சந்திரன்'

ஆளை அவர் விருப்பம் இல்லாமல் இடம் மாற்றுவதற்குத் தமிழில் வார்த்தைப் பஞ்சமே இல்லை. 'தரதரவென இழுத்துச் சென்றனர்' என்றால் உடம்பு தரையில் உரசுகிறது. அந்தச் சத்தம்தான் வார்த்தையே. 'அலேக்காகத் தூக்கி' என்றால் காலே தரையில் படாது, ஒரே மூச்சில் வேலை முடிந்துவிடும். இதை உருதுவில் 'தனியாக' என்று அர்த்தம் வரும் 'அலக்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். 'கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது' எல்லோருக்கும் தெரியும். அதையே கொஞ்சம் டீசன்ட்டாகச் சொல்ல நம்ம தாத்தாக்கள் 'அர்த்த சந்திரப் பிரயோகம்' என்றார்கள். சம்ஸ்கிருதத்தில் அர்த்த சந்திரன் என்றால் அரை நிலா. கழுத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளைகிறது பாருங்கள், அதுதான் அந்த அரை நிலா. வெளியே தள்ளுவதற்கு இவ்வளவு கவித்துவமான பெயரா என்று எனக்கு ஆச்சர்யம்.

போலீஸ் பாஷையில் வெறும் 'தூக்குறது' போதும். 'ஆளைத் தூக்கிட்டாங்க' என்றால் கைது. அந்த ஆள் நடந்தே போயிருந்தாலும் தூக்கியதுதான்.

செய்தியில் எனக்கு உறுத்துகிற இன்னொரு வார்த்தை 'அப்புறப்படுத்தினர்.' அந்தப் புறம் ஆக்குவது. குப்பை, ஆக்கிரமிப்புக் கடை, சாலையில் விழுந்த மரம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துகிறோம். மனுஷங்களையும் அதே வார்த்தையால் அப்புறப்படுத்துகிறோம். நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

ஆனால் இந்த லிஸ்ட்டில் 'குண்டுக்கட்டு'க்கு மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நடந்து வருகிற ஆளை யாரும் குண்டுக்கட்டாகத் தூக்க மாட்டார்கள். எதிரில் இருப்பவர் 'நான் நகர மாட்டேன்' என்று உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தைக்கே வேலை வருகிறது.

உடம்பைத் தளரவிடுவது

போராட்டம் நடத்துகிறவர்களுக்கு இது நல்லா தெரியும். 1964 டிசம்பரில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை கேட்டு மாணவர்கள் ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தபோது பலர் எதிர்த்து அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. உடம்பைத் துணி மாதிரித் தளரவிட்டார்கள். தளர்ந்த உடம்பு பயங்கர கனம். 700-க்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராக இழுத்தும் தூக்கியும் வெளியேற்ற மணிக்கணக்கில் ஆனது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களில் ஏற்கெனவே பழகியிருந்த டெக்னிக் அது.

நம்ம ஊர் மறியலில் யாரும் இதற்கு டிரெய்னிங் எடுப்பதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் கையோடு கை கோத்துக்கொள்ளுங்கள், எழுந்திருக்காதீர்கள் என்று மைக்கில் ஒரு குரல் வரும். கணக்கு சிம்பிள்: ஓர் ஆளைத் தூக்க நாலு பேர் வேணும். நூறு பேர் உட்கார்ந்தால்?

நாடாளுமன்றத்தில் இந்த வகையில் ரெக்கார்டு வைத்தவர் என்று சோஷலிஸ்ட் தலைவர் ராஜ் நாராயணைச் சொல்லலாம். மாநிலங்களவையில் 1966-லும் 1971-லும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ரெண்டு தடவையும் வெளியே போக மறுத்து, அவைக்காவலர்கள் வந்துதான் அவரை வெளியேற்ற வேண்டியிருந்தது. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை எதிர்த்து வழக்குப் போட்டு 1975-ல் ஜெயித்தவரும், 1977-ல் ரேபரேலியில் அவரையே தோற்கடித்தவரும் இவர்தான். 2010 மார்ச் 9 அன்று, மகளிர் இட ஒதுக்கீடு மசோதாவை எதிர்த்து மாநிலங்களவையில் அமளி செய்து சஸ்பெண்ட் ஆன ஏழு உறுப்பினர்களும் அவைக்காவலர்களால்தான் வெளியேற்றப்பட்டார்கள். கொள்கை எதுவாக இருந்தாலும் தூக்குகிற முறை ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 2016 ஆகஸ்ட் 17 அன்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினை சட்டசபைக்குள் இருந்து அவைக்காவலர்கள் தூக்கிவந்து வெளியே விட்டார்கள். 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் மறுபடியும் வெளியேற்றம். கிழிந்த சட்டையோடு அவர் வெளியே வந்த படம் அன்றைக்கு எல்லோர் போனிலும் சுற்றியது. அதற்கு ஒரு மாதம்கூட முந்தாத ஜனவரி 23 அதிகாலையில்தான், மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்த இளைஞர்களை போலீஸ் வெளியேற்ற ஆரம்பித்தது. பலர் தேசிய கீதம் பாடினார்கள். பாடிக்கொண்டிருந்தவர்களையும் தூக்கினார்கள்.

எம்.எல்.ஏ-வைத் தூக்கினால் அது பிரேக்கிங் நியூஸ், அரசியல் லாபமும் உண்டு. அடுத்த நாள் கட்-அவுட்கூட வரும். மத்தவங்களுக்கு அப்படி இல்லை. 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, 13-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த வீடியோக்களை சத்தம் இல்லாமல் பாருங்கள். குண்டுக்கட்டு என்ற வார்த்தைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். விலகுகிற புடவை, அதை இழுத்துச் சரிசெய்ய முடியாத கை, ரோட்டிலேயே கிடக்கிற செருப்பு.

தூக்குவதற்கும் ரூல்ஸ் இருக்கு

சட்டம் போலீஸைத் தூக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கைதை ஒருவர் பலவந்தமாக எதிர்த்தால், தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46-வது பிரிவு, தப்பிக்காமல் தடுக்கத் தேவையான அளவைவிட அதிகமாக ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. கயிறோ கையோ, 'தேவைக்கு மேல் கட்டாதே' என்பதுதான் சாரம்.

43-வது பிரிவு பெண்களுக்கு முக்கியம். தவிர்க்க முடியாத சூழல் தவிர, ஒரு பெண்ணைக் கைது செய்யும்போது பெண் போலீஸ்தான் தொட வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால், பெண் அதிகாரி எழுத்துபூர்வமாக அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். கைது செய்கிற போலீஸ் பெயர் தெளிவாகத் தெரியும்படி பேட்ஜ் அணிய வேண்டும் என்பது 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மறியலில் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, லெமன் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அந்த மண்டபத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பத்து நிமிஷம்தான் கணக்கிலேயே வராமல் போகிறது.

உடம்பு விஷயமும் ஒன்று. ஒருவரை முகம் கீழே இருக்கும்படி அழுத்திப் பிடித்தாலோ, நெஞ்சோடு முழங்கால் சேரும்படி மடக்கினாலோ, நெஞ்சு விரிய இடம் இருக்காது. மூச்சுத் திணறும். ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் இருந்து வீடியோ எடுக்கிறீர்கள் என்றால், எடுத்துக்கொண்டே 'மூச்சு விட முடியலையாம், நிமிர்த்துங்க' என்று சத்தம் போட்டுச் சொல்லலாம்.

கடைசியாக, அந்தச் சாலை மறியல் செய்திக்கு வருகிறேன். 'குண்டுக்கட்டாக' என்பதை எடுத்துவிட்டு, நான் பார்த்ததை எழுதினேன்: 'எழுந்திருக்க மறுத்த 60 வயது மதிக்கத்தக்க பெண்ணை நான்கு பெண் காவலர்கள் கை, கால்களைப் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றினர். அவருடைய ஒரு செருப்பு சாலையில் விழுந்தது.' சீனியர் செருப்பை மட்டும் வெட்டிவிட்டார், இடம் இல்லையாம். வெப்சைட்டில் என்ன சார் இடப் பிரச்னை என்று கேட்டேன். சிரித்துவிட்டு திரும்பச் சேர்த்தார்.